விழித்திரையில் சீனி விட்டுச் செல்லும் தடம்

(நூற்றாண்டு விழாவின் சுகாதார அமர்வில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



எங்களில் ஒருவர் கண் வைத்தியர். மற்றவர் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனம் கற்பிப்பவர். இதே பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒரே கேள்வியை ஒருவர் கண்ணுக்குள் பார்க்கிறோம், ஒருவர் சோதனைக்குழாயில் பார்க்கிறோம். நீரிழிவு உள்ளவரின் விழித்திரையில், இருக்கத் தேவையில்லாத இடத்தில், புதுக் குருதிக்குழாய்கள் ஏன் முளைக்கின்றன என்பதே அந்தக் கேள்வி.

இதை ஆங்கிலத்தில் பேசலாமே என்று ஏற்பாட்டுக் குழுவில் சிலர் கேட்டார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே மாணவரைப் பயிற்றினார். அப்போது முடிந்தது இப்போது முடியாதா? தவிரவும், இன்று இந்த மண்டபத்தில் யாருக்கு இந்தப் பேச்சு மிகவும் தேவையோ அவர்கள் வீட்டில் தமிழில்தான் தங்கள் வருத்தத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள்.

மனையியல் அறையில் இருந்து தொடங்குவோம். பாண் வாட்டும்போது ஏன் மேற்பக்கம் சிவக்கிறது? தொதல் கிண்டக் கிண்ட ஏன் கறுத்துக்கொண்டு வருகிறது? சீனியும் புரதமும் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டி, படிப்படியாக மாறி, கபில நிறமான பொருட்களாக முடிகின்றன. 1912இல் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தத் தாக்கத்தை விவரித்தார். அவர் பெயராலேயே இன்றும் அது அழைக்கப்படுகிறது. அடுப்பில் சில நிமிடங்களில் நடக்கும் அதே காரியம் எங்கள் உடலுக்குள் 37 பாகை வெப்பத்தில், மிக மெதுவாக, வருடக்கணக்கில் நடக்கிறது. குருதியில் சீனி கூடினால் அதுவும் கூடுகிறது.

உங்களில் பலர் இதை ஏற்கெனவே அளந்திருக்கிறீர்கள். எச்.பி.ஏ.1சி என்று றிப்போட்டில் வருகிறதே, அது செங்குருதிக் கலத்தின் ஈமோகுளோபினில் எவ்வளவுக்குக் குளுக்கோசு ஒட்டியிருக்கிறது என்பதன் கணக்கு. ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பார் 1960களின் இறுதியில் நீரிழிவுக்காரரின் குருதியில் இந்த மாறிய ஈமோகுளோபினைக் கண்டார். 1976இல் அமெரிக்காவில் அந்தனி செராமியின் குழு அதைக் கட்டுப்பாட்டின் அளவுகோலாகப் பயன்படுத்தலாம் என்று காட்டியது. செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாள் வாழும். பிறகு அழிந்து புதியது வரும். அதனால்தான் இந்த எண் கடந்த இரண்டு மூன்று மாதக் கதையை மட்டும் சொல்கிறது.

ஆனால் உடலில் எல்லாப் புரதமும் 120 நாளில் புதுப்பிக்கப்படுவதில்லை. குருதிக்குழாய்ச் சுவரைத் தாங்கும் கொலாஜன் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அதில் ஒட்டிய சீனி அங்கேயே இருந்து, மாறி மாறி, கடைசியில் பிரிக்க முடியாத பிணைப்புகளாக இறுகிவிடும். இந்த இறுதிப் பொருட்களுக்கு ஆங்கில முதலெழுத்துகளால் ‘ஏ.ஜி.ஈ.’ என்று பெயர். நாங்கள் இங்கே ‘சீனிக் கறை’ என்று சொல்லப்போகிறோம். பரீட்சையில் அப்படி எழுதவேண்டாம்.

நீண்டகாலம் எல்லோரும் குளுக்கோசையே குற்றவாளி என்று நினைத்தார்கள். உண்மையில் குளுக்கோசு ஒட்டுவதில் மந்தமானது. அதைவிடப் பன்மடங்கு வேகமாக ஒட்டக்கூடிய ஒன்று கலத்துக்குள்ளேயே உண்டாகிறது. அதன் பெயர் மெதைல்கிளையொக்சால். உயர்தரத்தில் படித்ததை ஞாபகப்படுத்துங்கள். ஆறு காபன் கொண்ட குளுக்கோசைக் கலம் உடைக்கும்போது மூன்று காபன் கொண்ட இரண்டு துண்டுகள் வருகின்றன. அந்தத் துண்டுகளில் மிகச் சிறு பங்கு வழி தவறி, பொசுபேற்றை இழந்து, மெதைல்கிளையொக்சாலாக மாறிவிடுகிறது. அரிசி குத்தும்போது உமி பறப்பது போலத்தான், சீனியை எரிக்கும் எந்தக் கலத்திலும் இது கொஞ்சம் வந்தே தீரும். உங்கள் கலங்களிலும் எங்கள் கலங்களிலும் இந்த நிமிடம் வந்துகொண்டிருக்கிறது.

வந்ததைக் கூட்டித் தள்ளவும் உடலில் ஏற்பாடு இருக்கிறது. கிளையொக்சலேசு என்ற நொதிய இணை குளூற்றாதயோன் என்ற சிறு மூலக்கூறின் உதவியோடு அதைத் தீங்கற்ற இலற்றிக் அமிலமாக்கிவிடும். 1913இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். சீனி அளவோடு இருக்கும்வரை கூட்டுகிறவர் வேலையை முடித்துவிடுகிறார். சீனி வெள்ளமாக வரும்போது உமி கூட்டுவதற்கு மேலாகக் குவிகிறது. மிஞ்சியது அருகில் இருக்கும் புரதங்களில், முக்கியமாக ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் உள்ள இடங்களில், ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய புரதம் தன் வேலையைச் சரியாகச் செய்யாது.

இங்கே ஒரு இடைச்செருகல். அவுஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வந்த சகோதரிகள் மனுக்கா தேன் வாங்கிக்கொண்டு வந்திருப்பீர்கள். அந்தத் தேனின் கிருமி கொல்லும் சக்திக்கு முக்கிய காரணம் இதே மெதைல்கிளையொக்சால்தான். பயப்படவேண்டாம். கண்ணைப் பாதிப்பதாக நாங்கள் இங்கே சொல்வது கலத்துக்குள் உண்டாவது, போத்தலில் வருவது அல்ல. நீரிழிவு உள்ளவருக்குத் தேனில் உள்ள கெடுதல் அது சீனி என்பதுதான். அதேபோல் பனங்கட்டியும் சீனிதான். ‘நான் சீனி போடுவதில்லை, பனங்கட்டி கடித்துத்தான் தேத்தண்ணி குடிக்கிறேன்’ என்று கிளினிக்கில் வாரம் ஒருவராவது சொல்கிறார்.

சரி, ஏன் கண்? உடலில் பல கலங்கள் இன்சுலின் வந்து கதவைத் திறந்தால்தான் குளுக்கோசை உள்ளே எடுக்கும். விழித்திரைக் கலங்கள் அப்படி அல்ல. குருதியில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப உள்ளேயும் ஏறும். அத்துடன் விழித்திரை சீனியை உடைப்பதில் பெரும்பசிக்காரி. ஒட்சிசன் போதிய அளவு இருக்கும்போதுகூட அது குளுக்கோசை வேகமாக உடைத்து இலற்றிக் அமிலமாக்குகிறது என்பதை ஒட்டோ வார்பேர்க் 1920களிலேயே கவனித்தார். கதவு இல்லாத வீடு, ஓயாத அடுப்பு. உமி அங்கே அதிகம் பறப்பதில் வியப்பில்லை.

விழித்திரையின் மயிர்த்துளைக்குழாய்களை ஒரு கலப் படை உள்ளே உறைபோல் மூடியிருக்கும். அதற்கு வெளியே பெரிசைற்று எனும் தாங்கு கலங்கள் கைகோத்துப் பிடித்திருக்கும். உடலின் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாக இவை இல்லை. விழித்திரையில் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று. நீரிழிவில் முதலில் சாகிறவை இந்தத் தாங்கு கலங்கள்தான். பிடி தளர்ந்த இடத்தில் குழாய்ச் சுவர் சிறு கொப்புளமாகப் புடைக்கிறது. வைத்தியர் முதன்முதல் காணும் சிவப்புப் புள்ளி அதுவே.

இதில் சீனிக் கறையின் பங்கு பல வழிகளில் வருகிறது. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் அது எங்களுக்கு மிகவும் பிடித்த ஆய்வு. விழித்திரையை முட்டுக்கொடுத்து நிறுத்தும் முல்லர் கலங்களில், அன்ஜியோபொயற்றின்-2 என்ற பொருளுக்கான பரம்பரை அலகை ஒரு புரதக் கூட்டம் பூட்டி வைத்திருக்கிறது. சீனி கூடும்போது உண்டாகும் மெதைல்கிளையொக்சால் அந்தப் பூட்டின் ஒரு புரதத்திலேயே ஒட்டுகிறது. பூட்டு கழருகிறது. அன்ஜியோபொயற்றின்-2 பெருகுகிறது. அந்தப் பொருளின் வேலை, குழாய்க்கும் தாங்கு கலத்துக்கும் இடையிலான பிடியைத் தளர்த்துவது. நியூயோர்க்கில் மைக்கல் பிரவுண்லியின் குழு 2006இல் இதை வெளியிட்டது. சீனியின் ஒரு சில்லறைக் கழிவு, பரம்பரை அலகின் பூட்டை நேரடியாகத் திறக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொன்னால், கறை படிந்த புரதங்களைப் பிடிக்கும் ஏற்பிகள் கலங்களின் மேற்பரப்பில் உண்டு. அவை தூண்டப்பட்டால் அழற்சி வரும். கறை ஏறிய அடித்தள மென்சவ்வு தடிக்கும், விறைக்கும். இவை மட்டும்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. உயர்ந்த பிரஷர், சோபிற்றோல் பாதை, ஒட்சியேற்ற நெருக்கடி எல்லாம் கூட்டுக் களவாளிகள்.

இனிப் புதுக்குழாய்களுக்கு வருவோம். வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது விளங்கும். வாய்க்கால் நடுவில் அடைத்தால் கடைசிப் பாத்திகள் வாடும். மயிர்த்துளைக்குழாய்கள் ஒவ்வொன்றாக மூட, விழித்திரையின் பகுதிகள் ஒட்சிசன் இன்றி வாடுகின்றன. வாடிய கலங்கள் சும்மா சாவதில்லை. ‘தண்ணீர் அனுப்பு’ என்று ஒரு இரசாயனக் குரல் எழுப்புகின்றன. 1948இல் ஐசக் மைக்கல்சன் என்ற கண் வைத்தியர், இப்படிப் பரவக்கூடிய ஒரு காரணி இருக்கவேண்டும் என்று ஊகித்தார். அது என்ன என்று தெரிய ஏறத்தாழ நாற்பது ஆண்டு பிடித்தது. இன்று அதை வி.ஈ.ஜி.எப். என்கிறோம். குருதிக்குழாய் உட்படை வளர்ச்சிக் காரணி. 1994இல், புதுக்குழாய் வளர்ந்த நீரிழிவுக் கண்களின் திரவத்தில் அது மிகையாக இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். ஒட்சிசன் குறைவு ஒருபக்கம் இந்தக் குரலை எழுப்ப, சீனிக் கறையும் விழித்திரைக் கலங்களில் அதே காரணியைக் கூட்டுவதாக ஆய்வுகூடப் பரிசோதனைகள் சொல்கின்றன. தாங்கு கலமோ ஏற்கெனவே பிடி விட்டிருக்கிறது. குரலும் கேட்கிறது, பிடியும் இல்லை. குழாய் முளைக்கிறது.

ஆனால் முளைப்பது தப்பான இடத்தில். வாடிய பாத்திக்குள் போகாமல், விழித்திரையின் மேற்பரப்பில், கண்ணுள் இருக்கும் பளிங்குப் பாகின் மேல் கொடிபோல் படர்கிறது. சுவரும் மெல்லியது. ஒரு நாள் கசியும் அல்லது கிழியும். கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். பிறகு தழும்பு கட்டி, சுருங்கி, விழித்திரையையே இழுத்துப் பிரிக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், கிழியும் நாள்வரை வலியில்லை, பார்வைக் குறைவு இல்லை. புதுக்குழாய் படர்ந்த கண்ணால் ஊசியில் நூல் கோக்கலாம். கிளினிக்கில் நாங்கள் அடிக்கடி காணும் ஒருவரை விவரிக்கிறோம். அவர் ஒருவர் அல்ல, பலர் சேர்ந்தவர். ஐம்பத்தைந்து, அறுபது வயது. பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். கணவரை இருதயக் கிளினிக்குக்குத் தவறாமல் கூட்டிக்கொண்டு போனவர். மாமியாருக்குக் கண்புரை வெட்டுவித்தவர். தன் கண்ணைக் காட்டியதில்லை. ஓய்வு பெற்றபின் நடந்து, சாப்பாட்டைக் குறைத்து, எச்.பி.ஏ.1சியை 10இலிருந்து ஏழுக்குக் கொண்டுவந்துவிட்டார். ‘இப்ப எல்லாம் கொன்ட்ரோல் டொக்டர், ஆனா ரெண்டு நாளா கண்ணுக்கு முன்னால நுளம்பு பறக்கிற மாதிரி இருக்கு’ என்கிறார். அது நுளம்பு அல்ல. இரத்தம்.

‘கட்டுப்படுத்திவிட்டேனே, பிறகு ஏன்?’ என்ற அவருடைய கேள்விக்குத்தான் எங்கள் இருவரின் படிப்பும் ஒன்றாகப் பதில் சொல்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1441 பேரைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. எல்லோரும் முதலாம் வகை நீரிழிவுக்காரர். ஒரு பகுதியினர் சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினார்கள். ஒரு பகுதியினர் அக்கால வழக்கப்படி நடந்தார்கள். இறுக்கியவர்களில், ஆரம்பத்தில் கண் நோய் இல்லாதிருந்தவர்களுக்கு அது வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. ஆய்வு முடிந்தபின் இரு பகுதியினரின் சீனியும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வந்துவிட்டது. கண்கள் மட்டும் ஒன்றாகவில்லை. ஆண்டுகள் பல கழிந்தும் முன்பு இறுக்கியவர் நன்மையையும், முன்பு தளர்ந்திருந்தவர் தீமையையும் சுமந்தார்கள். இதை ‘வளர்சிதை ஞாபகம்’ என்கிறார்கள். ஞாபகம் எங்கே எழுதப்பட்டிருந்தது? அவர்களில் 216 பேர் சிறு தோல் துண்டு கொடுத்திருந்தார்கள். அந்தத் தோலின் கொலாஜனில் சீனிக் கறை எவ்வளவு என்று அளந்தபோது, எச்.பி.ஏ.1சியைக் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னும், அடுத்த பத்தாண்டில் யாருடைய கண் மோசமாகும் என்பதை அது முன்கூட்டிச் சொல்லியது.

எனவே இன்றைய சீனி எண் இன்றைய நிலையைச் சொல்லும். கண்ணில் எழுதப்பட்டுவிட்டதை வாசிக்கக் கண்ணைத்தான் பார்க்கவேண்டும்.

கறையைத் துடைக்க மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். முயன்றார்கள். அமினோகுவானிடின் என்ற பொருள் சீனிக் கறை உண்டாவதைத் தடுக்கிறது என்று 1986இல் காட்டினார்கள். 1991இல் நீரிழிவு எலிகளின் விழித்திரையையும் அது காப்பாற்றியது. மனிதரில் பரிசோதித்தபோது எதிர்பார்த்த பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை, பக்கவிளைவுகளும் வந்தன. மருந்தாக அது வரவே இல்லை. ஆகவே ‘சீனி ஒட்டுவதைத் தடுக்கும்’ என்று விளம்பரப்படுத்தி விற்கும் குளிசைகளுக்குக் காசு செலவழிக்காதீர்கள். மனிதக் கண்ணில் நிறுவப்பட்ட ஒன்றும் அவற்றில் இல்லை. வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக அம்மாவுக்கு அனுப்பும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

பலன் தருபவை பழைய காரியங்கள்தான். சீனியை ஆரம்பத்திலிருந்தே கட்டுப்படுத்துவது. பிரஷரைக் கட்டுப்படுத்துவது. 1998இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் பிரஷரை இறுக்கியதால் மட்டும் கண் நோய் மோசமாவது 34 சதவீதம் குறைந்தது. பிந்தித் தொடங்கினாலும் நன்மை உண்டு. அது தெரியச் சில ஆண்டுகள் எடுக்கும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. நீண்டகாலம் உயர்ந்திருந்த சீனியைச் சடுதியாக இறக்கினால், ஏற்கெனவே நோயுள்ள கண் சிலகாலம் மோசமாகலாம். இன்சுலின் புதிதாகத் தொடங்குகிறவர்களும், ஒசெம்பிக் போன்ற ஊசி போடுகிறவர்களும் முதலில் கண்ணைக் காட்டிவிடுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. வரிசையைச் சொல்கிறோம்.

யார், எப்போது? இரண்டாம் வகை நீரிழிவு என்றால் கண்டுபிடித்த உடனேயே ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை. கண் நன்றாக இருந்தால் இடைவெளியைக் கூட்டுவதா என்பதை வைத்தியர் சொல்வார். முதலாம் வகை என்றால் தொடங்கி ஐந்து வருடத்துக்குள். ஏற்கெனவே நீரிழிவு உள்ள பெண் கருவுற்றால், முடிந்தால் அதற்கு முன்னரே, பிறகு முதல் மூன்று மாதத்துக்குள், தொடர்ந்து வைத்தியர் சொல்லும்படி. கர்ப்பம் இந்த நோயை வேகப்படுத்தும். கர்ப்ப காலத்தில் மட்டும் சீனி வந்தவர்களுக்கு இந்தப் பயம் இல்லை.

இங்கே இலங்கையில் 2005–06இல் நடந்த தேசிய ஆய்வில் இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது இருப்பதே தெரியாது. அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில்தான் நடந்தது. யுத்தத்தால் வடக்கும் கிழக்கும் விடுபட்டன. எங்கள் தாய்மாரின் எண்ணிக்கை அந்தக் கணக்கிலேயே இல்லை. உலகெங்கும் பார்த்தால் நீரிழிவுக்காரரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு அளவில் விழித்திரை நோய் இருக்கிறது.

பெண்கள் ஏன் வருவதில்லை என்பதற்கு எங்களிடம் இரசாயன விளக்கம் இல்லை. ஆனால் ஒரு சின்னத் தடை தெரியும். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரத்துக்குக் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். தனியே பஸ்ஸில் வீடு திரும்பப் பயம். துணைக்கு வர மகள் கனடாவில், மகன் கொழும்பில். இந்த மண்டபத்தில் இருக்கும் இளைய பழைய மாணவிகள் ஒரு அரை நாளுக்கு ஒரு ஆசிரியையுடன் துணைக்குப் போனால் போதும். பல கண்களுக்கு அதுதான் குறைவாக இருந்தது. கறுப்புக் கண்ணாடியும் ஒரு குடையும் கொண்டு போங்கள்.

குழாய் முளைத்துவிட்டால் சிகிச்சை உண்டு. லேசரால் விழித்திரையின் ஓரங்களில் சிறுசிறு சூடு வைப்பார்கள். வாடிய பாத்திகளின் குரல் அடங்கும், புதுக்குழாய் சுருங்கும். 1976இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கடுமையான பார்வை இழப்பை இது பாதிக்கு மேல் குறைத்தது. ஓரப் பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். நடுப் பார்வையைக் காப்பாற்ற அந்த விலை கொடுக்கிறோம். இன்னொரு வழி வி.ஈ.ஜி.எப்.ஐ மறிக்கும் ஊசி. நல்ல மருந்து, ஆனால் திரும்பத் திரும்பப் போடவேண்டும். ஊசியை மட்டும் நம்பி இருந்துவிட்டு இடையில் மாதக்கணக்காக வராமல் போனால், குழாய் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பலாம். ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் பிள்ளைகளிடம் இலண்டனில் என்று இருப்பவர்கள் இதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர்களுக்கு லேசரே பெரும்பாலும் பாதுகாப்பு. இரத்தம் கொட்டிக் கலங்கிவிட்டால், அந்தப் பாகை அகற்றும் சத்திரசிகிச்சையும் இருக்கிறது.

‘கண்ணுக்குள்ளேயா ஊசி?’ என்று முன் வரிசையில் யாரோ மெல்லக் கேட்டது எங்களுக்குக் கேட்டது. ஆம், வெண்விழியின் ஊடாக. முதலில் விறைக்க மருந்து விடுவார்கள். ஊசி மெல்லியது, சில வினாடிகளில் முடியும். பெரும்பாலானவர்கள் சிறு அழுத்தமாகத்தான் உணர்கிறார்கள். இதைவிடப் பயமான கேள்விகள் இருந்தாலும் கேளுங்கள். நேரம் இருக்கிறது, ஒலிவாங்கி இரண்டாவது வரிசையில் இருக்கிறது.